உருகிப்போன அடுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் காது இரைச்சல் நின்றதா?

இங்கே ஆராய்ச்சிக்கூடத்துக் குளிர் அறைக்கு நான்தான் காவல். துருவப் பக்கம் போய் வெட்டிக்கொண்டு வந்த பல்லாயிரம் வருஷத்துப் பனிக்கட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் அடைபட்ட காற்றை அளந்துதான் பூமி எப்போது குளிர்ந்தது, எப்போது சூடானது என்று சொல்வார்களாம்.

போன வாரம் மெஷின் மக்கர் பண்ணி ஓர் அடுக்கே உருகிவிட்டது. நான் தரையைத் துடைக்கத் துடைக்க, எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி மிச்சக் கட்டிகள் உள்ளிருந்த காற்று விடுபட்டுப் படபடவென்று வெடித்தன.

“விடுங்க மேடம், அங்கேயே போய் வேற வெட்டிட்டு வந்துடலாம்” என்றேன்.

விஞ்ஞானி மேடம் சிரிக்கவில்லை. “அங்கே இப்போ கடல்தாம்ப்பா இருக்கு” என்றார்.

கவலைப்படாதே, என்மேல் தப்பில்லை. உன் பழைய போர்வையை அனுப்பு, துவைக்காமல்.

மணி அடித்துவிட்டது. நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை தெரு? நான் கிளம்பும்போது ஏழு இருந்தது. எண்ணிப் பார்த்து எழுது. சும்மாதான் கேட்கிறேன்.

உன் சின்னவன்