அளவு டேப்

அன்புள்ள புஷ்பலீலா,

கர்த்தர் கிருபையால் உடம்புக்குக் குறைவில்லை. உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் கடையில் உன் பக்கத்திலிருக்கும் தம்பி சஜன் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன்.

பயப்படாதே, சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைப் பேராசிரியரிடம் கொடுத்து இரண்டு மாதமாயிற்று. சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு டைல்ஸை நீட்டி, "ஜெயதாஸ், குளியலறையில போட்டா இது வழுக்குமா?" என்றார். என் அத்தியாயம் டைல்ஸ் பெட்டிக்கு அடியில் பிரிக்கப்படாமல் கிடந்தது.

இருபது வருடம் நடத்திய கடையை ஒப்படைத்த அன்று தம்பி சொன்னான் அல்லவா, "அண்ணே, நீ எங்க போய்ப் படிச்சாலும் ஆளுவ உங்கிட்ட டைல்ஸ் விலையாக்கும் கேப்பாவ" என்று? அந்த நாக்கை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அதைவிட அருவருப்பு என் மேல்தான். விரலால் தட்டிப் பார்த்து, இது இரண்டாம் தரம், ஈரம் பட்டால் வழுக்கும் என்று அரைமணி நேரம் பேசினேன். இங்கே வந்தபின் ஒருவர் என் பேச்சை முழுதாகக் கேட்டது அன்றுதான்.

மரச்சீனி வற்றல் கொஞ்சம் அனுப்பு. என் அளவு டேப்பையும் சஜனுக்குத் தெரியாமல் எடுத்து அதோடு வை. குளியலறையை அளந்து கொடுத்தால் அத்தியாயத்தைப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

ஜெயதாஸ்