வெட்டிய பாட்டின் மீதியைக் கேட்டு

அனுப்புநர்
கொளஞ்சியம்மாள், க/பெ ராசாங்கம்,
மேலத்தெரு, பாடாலூர்,
பெரம்பலூர் தாலுகா, திருச்சி மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நாட்டார் இசை ஆய்வகம், திருச்சி.

பொருள்: தங்கள் ஆய்வக டாக்டர் மலர்கொடி அம்மா எங்கள் மஞ்சள் நீர்ப் பாட்டைப் பாதியில் வெட்டிக் கேசட் போட்டதால் என் மகள் கல்யாணம் நின்றுபோனது, மீதிப் பாட்டைத் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

கும்பிட்டு எழுதிக்கொள்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்கப்புறம்தான் வாத்தியார் நிம்மதியாக இருந்தார். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

1. மலர்கொடி அம்மா 1979லிருந்து மூன்று வருஷம் டேப் பெட்டியோடு எங்கள் ஊருக்கு வந்துபோனார். இருபது வருஷமாக நாடு நாடாகப் போய்ப் பாட்டுப் பதிகிறவர் என்றார்கள். எங்கள் வீட்டில் கம்பங்கூழ் குடித்தார், என்னை அக்கா என்றார். ஆப்பிரிக்காவில் பெண்கள் தானியம் இடித்துக்கொண்டே பாடுவதையும், பனி கொட்டும் ஏதோ ஊரில் சம்பந்திகளை வைது பாடுவதையும் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பாஷை தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பனி ஊரில் யாரோ ஒருவர் பாட்டின் கடைசியை வெட்டி ரிக்கார்டு போட்டதில், பாடிய அம்மா அழுதாளாம். "அது பாவம் அக்கா, நான் ஒரு வார்த்தைகூட வெட்ட மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நம்பினேன்.

2. 1981 வைகாசியில் என் மகள் காத்தாயிக்கு மஞ்சள் நீர் ஊற்றினோம். என் நாத்தனார் ஆண்டாயி தா.பழூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்தாள். எங்கள் பக்கம் அன்றைக்கு அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் வைது பாட வேண்டும். முறை உள்ளவர்கள்தான் பாடலாம். மற்றவர் பாடினால் அடிதடி ஆகிவிடும். நான்,
"மூணு பஸ்ஸு மாறி வந்தா பழூரு ஆண்டாயி,
மடியில நெல்ல மறைச்சுப் போனா பழூரு ஆண்டாயி"
என்று எடுத்துவிட்டேன். அவள் சும்மா இருப்பாளா? என் நாக்கு பாடாலூர் ரோட்டைவிட நீளம் என்றாள். என் சோற்றைத் தின்று அவள் அண்ணன் துரும்பாகிவிட்டார் என்றாள். (அவருக்கு நாலு முழ வேட்டி இடுப்பைச் சுற்றி வராது.) பந்தலே சிரித்தது. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து, "சொன்னதெல்லாம் பொய்யி, சோறு திங்க வாயேன்" என்று பாடி, ஒருவர் கன்னத்தில் ஒருவர் சந்தனம் பூசிக்கொண்டோம். அப்படி முடித்தால்தான் அது பாட்டு. முடிக்காவிட்டால் வெறும் வசவு. இதை மலர்கொடி அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

3. இந்த ஆடியில் கேசட் வந்தது. அதில் நான் வைதது மட்டும் இருக்கிறது. ஆண்டாயி பாடியது இல்லை, முடிப்பு இல்லை. அட்டையில் என் பெயரும் இல்லை. "பாடாலூர்ப் பெண்" என்று போட்டிருக்கிறது. வசவு வாங்கியவள் பெயர் மட்டும் ஊரோடு சேர்ந்து பாட்டிலேயே இருக்கிறது.

4. அது தா.பழூர் டீக்கடையில் தினமும் ஓடியது. ஆண்டாயி தண்ணீருக்குப் போனால் பிள்ளைகள் "மடியில என்ன நெல்லா?" என்று கேட்கிறார்கள். என் மகளுக்கும் அவள் மகன் அழகேசனுக்கும் தையில் கல்யாணம் பேசியிருந்தது. நான் போய் நின்றபோது அவள் புருஷன் அரியமுத்து உள்ளே கூப்பிடவில்லை. "எங்க ஊரு டீக்கடையில கேட்டது அதே டீக்கடையிலதான் மாறணும். அதுவரைக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றார். முடிப்பை அங்கேயே பாடுகிறேன் என்றேன். உள்ளேயிருந்து ஆண்டாயி, "ஒத்த ஆளாப் பாடுனா அதுவும் வசவுதான் அண்ணி, போயிட்டு வாங்க" என்றாள். என் ஒரு பேச்சுக்கு ஒன்பது பேச்சு திருப்பிக் கொடுக்கிறவள், அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

5. புரட்டாசியில் தங்கள் ஆபீசுக்கு வந்தேன். "பின்பகுதியில் சிரிப்புச் சத்தம் அதிகம், ஆராய்ச்சிக்கு உதவாது" என்றார் மலர்கொடி அம்மா. பக்கத்தில் இருந்தவரிடம் என்னைத் "தகவல் சொன்ன பெண்" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

6. அடுத்த மாதம் அவருக்குப் பாராட்டு விழா என்று பேப்பரில் பார்த்தேன். "அழியும் இசையைக் காத்தவர்" என்று போட்டிருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. காத்தவர் என்றால் எங்கள் முழு டேப்பும் தங்கள் அலமாரியில்தான் இருக்க வேண்டும். அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரு கேசட்டில் ஏற்றி மார்கழிக்குள் தர உத்தரவிட வேண்டுகிறேன். தா.பழூர் டீக்கடையில் நானே கொண்டுபோய்ப் போடுகிறேன். சிரிப்புச் சத்தத்தை மட்டும் தயவுசெய்து குறைக்க வேண்டாம். அதில் பெரிய சத்தம் என் நாத்தனாருடையது. நாலு மாதமாக நான் அதைக் கேட்கவில்லை.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ரா. கொளஞ்சியம்மாள்
அட்டையில் உள்ள பாடாலூர்ப் பெண்

இடம்: பாடாலூர்
நாள்: 19.11.1984