சோளப் பெட்ரோலும் உன் அப்பா சொன்ன பொய்யும்

ஏரி வீடு, மினசோட்டா
மே கடைசி ஞாயிறு

அன்பு மகள் தோராவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மில்லியும் சுகமாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், குழந்தையை வெளியே கூட்டிப் போகும்போது காதை மூடிக் கூட்டிப் போ. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் உன் சித்தி ஆர்டிஸ் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் எதிரே உட்கார்ந்து இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருக்கிறாள், நான் பண்ணை வீட்டை விட்டு வந்து இவளோடு இங்கேயே இருக்கிறேன், பிறகு நலமாவது ஒன்றாவது. நேற்று போனில் நீ சொன்னாயே, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பழைய பெட்ரோலை வடிக்க மறந்துவிட்டாள், அதனால்தான் ஏரி நடுவில் மோட்டார் நின்றுபோனது என்று அப்பா சொன்னாரென்று, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. போதாக்குறைக்கு நீயும் இனிமேல் ஜாக்கிரதையாக இரு என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டு வைத்தாய். திரும்பக் கூப்பிட்டால் கத்திவிடுவேன் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் எதையும் மறக்கவில்லை. அந்தப் படகு மோட்டாரை வாங்கிய நாளிலிருந்து அதில் சாராயம் கலக்காத பெட்ரோலைத் தவிர ஒரு சொட்டு வேறு ஊற்றியதில்லை, அதற்காக டவுன் வரைக்கும் கேனைத் தூக்கிக்கொண்டு போவேன், உனக்கே தெரியும். நம் சோளம் பெட்ரோலில் கலக்கிற சாராயம் காய்ச்சும் ஆலைக்குப் போகிறது, உன் அப்பா அந்த ஆலையின் கமிட்டியில் இருக்கிறார், அந்த வருமானத்தில்தான் நீ படித்தாய், நான் இல்லையென்று சொல்லவில்லை. என் காருக்கும் அந்தச் சோளப் பெட்ரோலைத்தான் போடுகிறேன், கார் தினமும் ஓடுகிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படகு மோட்டாரும் பனிவண்டியும் மாதக்கணக்கில் சும்மா கிடக்கிறவை. கிடக்கிற பெட்ரோலில் சாராயம் இருந்தால் காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும், அளவு மிஞ்சினால் தண்ணீரும் சாராயமும் தனியாகப் பிரிந்து டாங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய ரப்பர் குழாயை ஊறவைத்துப் பிய்த்தும் போடும். இது உன் அப்பாவுக்குத் தெரியாதா? ஆலை விற்கிற, சாராயம் கூடுதலாகக் கலந்த பெட்ரோலைப் படகில் போடவே கூடாது என்று பம்பிலேயே ஒட்டியிருக்கிறார்கள், அந்தப் பம்பைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்டியவரே அவர்தான்.

போன இலையுதிர் காலத்தில் ஆர்டிஸுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது நான் அவள் வீட்டில் இருந்தேன். படகை நானே கொட்டகையில் ஏற்றி வைக்கிறேன், நீ கவலைப்படாதே என்றார் உன் அப்பா. நானும் பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். காபிக் கடையில் அவருடைய கூட்டாளிகள், வெர்லினுடைய பொண்டாட்டிக்கே வெர்லினுடைய சோளம் ஆகாதாமே என்று கேலி பண்ணினார்களாம், அந்த ரோஷத்தில் என் டாங்க் நிறையத் தன் ஆலைப் பெட்ரோலை ஊற்றி மூடி வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க அது கொட்டகையில் கிடந்தது, பனி உருகி மழையும் வந்தது, அது தன் பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்த மாதம் மீன்பிடிப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை காலையில் நானும் ஆர்டிஸும் கிளம்பினோம். கரையோரம் மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடியது. நடு ஏரிக்குப் போனதும் காற்று ஏறி அலை தூக்கிப் போட ஆரம்பித்தது, அடியில் இருந்த தண்ணீரெல்லாம் கலங்கி எஞ்சினுக்குள் போயிருக்கும், இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. தோள் கழன்று போகும்வரை கயிற்றை இழுத்தேன், உயிர் வரவில்லை. ஏரியில் ஐஸ் உருகி அதிக நாள் ஆகவில்லை, அந்தத் தண்ணீரில் விழுந்தால் மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் மிதக்கலாமே தவிரப் பிழைக்க முடியாது. நங்கூரம் பிடிக்கவில்லை, துடுப்பு போட்டுப் பார்த்தேன், காற்று எங்களைப் பாறை முனைப் பக்கமே தள்ளியது. படகு குறுக்கே திரும்பி ஒரு அலை உள்ளே விழுந்தது, ஆர்டிஸ் பாறையைத் தள்ளிவிடக் கையை நீட்டினாள், படகுக்கும் பாறைக்கும் நடுவே கை மாட்டிக்கொண்டது. எலும்பு ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது தோரா. எதிர்க்கரை வெண்டல் தன் படகுத்துறையிலிருந்து பார்த்துவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்துப் போனார், அவர் அன்றைக்கு டவுனுக்கோ சந்தைக்கோ போயிருந்தால் இந்தக் கடிதம் எழுத நான் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டாங்கிலிருந்து கொஞ்சம் ஊறுகாய்ப் பாட்டிலில் வடித்துப் பார்த்தேன். மேலே பெட்ரோல், அடியில் கலங்கல் தண்ணீர், நடுவே கோடு போட்டதுபோல் பிரிந்து நின்றது. அதை உன் அப்பா முன்னால் வைத்துக் கேட்டேன். ஒரு தடவை போட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன் என்று ஒத்துக்கொண்டார். சரி, மனுஷன் தப்புப் பண்ணுவான், அதோடு விட்டிருப்பேன். ஆனால் வெளியே போய் காபிக் கடையில் என் மறதி என்று சொல்லியிருக்கிறார், பிறகு பெற்ற மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். ஆலைக்குக் கெட்ட பேர் வரக்கூடாதாம், அதற்கு என் புத்தி கெட்டுப்போனதாக ஊர் நினைத்தால் பரவாயில்லையாம்.

இன்று காலை ஒன்றுமே நடக்காதது மாதிரி உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், சர்ச்சில் கொடுத்தார்களாம். நான் சட்டியை வாங்கி வைத்துவிட்டு, கொட்டகையில் மிச்சமிருந்த அவருடைய கேனையும் என் மிதவைச் சட்டையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இந்தப் பெட்ரோல ஊத்திக்கிட்டு ஒரு தடவ பாறை முனை வரைக்கும் போய்ட்டு வாங்க, நான் கரையில நிக்கிறேன்" என்றேன். ஆர்டிஸ் வாசலிலிருந்து, அத்தானுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டாள். காற்று அன்றைக்கு மாதிரிதான் அடித்தது. அவர் ஏரியைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"மார்லிஸ், தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்கும்."

"எங்களுக்கு மட்டும் வெந்நீரா இருந்துச்சா?"

அவர் போய்ப் படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்தார். கடைசியில் தப்பு என்னுதுதான் என்றார். எனக்குத் தெரிந்ததை எனக்கே சொல்லி என்ன பிரயோஜனம், தோராவிடம் சொல்லுங்கள், காபிக் கடையில் சொல்லுங்கள், சொன்ன பிறகு வீட்டுக்கு வருகிறேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார். சட்டியை நானும் ஆர்டிஸும் காலி பண்ணிவிட்டோம், அதில் அவருக்குப் பங்கு வைக்கவில்லை.

உன்னைக் கூப்பிடுவார் என்றுதான் நினைக்கிறேன். உனக்கு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே. முதலில் மழையைப் பற்றியும் சோள விதைப்பைப் பற்றியும் பேசுவார், அப்புறம் தொண்டையைக் கனைப்பார். அவர் கஷ்டப்படுவதைக் கேட்டால் உனக்கு மனசு இளகும், நீ அவர் செல்லம். இருந்தாலும் அவர் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பரவாயில்லை அப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல், மில்லிக்கு என் முத்தம். கடவுள் உங்கள் மூவரையும் கரையிலும் தண்ணீரிலும் காக்கட்டும்.

உன்மேல் கோபமில்லாத,
அம்மா மார்லிஸ்