ராஜேஸ் வாயில் போட்டுப் பார்த்த வார்த்தைகள்

என் ராஜேஸ்,

நீ போய் இருபது நாள் ஆகிறது. பதினோரு வருஷம் பினாங்கில் ஒரே ஹோட்டலில் வேலை செய்தோம். நான் ரிசப்ஷனில், நீ மூன்றாம் மாடி அறைகளைச் சுத்தம் செய்பவளாக. மதியச் சோறு சேர்ந்தேதான். அப்படியும் உன்னை எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது உன் பதினாறாம் நாள் காரியத்தில்தான் தெரிந்தது.

லிஃப்டில் மாட்டிக்கொண்ட வெள்ளைக்காரக் கிழவர் வெளியே வந்து சொன்னாரே, "டிஸ்கம்பாபுலேட்டட்" என்று? துவைத்த துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாய்.

"ஷாமளா, கேளுடி! எத்தனை படி ஏறி இறங்குது பாரு லா!"

"என்ன அர்த்தம்?"

"அது அப்புறம் லா. முதல்ல வாயில போட்டுப் பாரு."

தலைகால் புரியாமல் குழம்பிப் போவது என்று மறுநாள் நீயேதான் அர்த்தமும் சொன்னாய். பிறகு "கெர்ஃபஃபிள்" வந்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஊரைக் கூட்டுவது. மேனேஜரும் சமையல்காரரும் சண்டை போடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம். எனக்கு அந்த வார்த்தைகள் பிடித்தது, நாலு பேருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்பதற்காக. உனக்கு ஏன் பிடித்தது? ஒருநாளாவது கேட்டேனா?

காரியத்துக்காக ஃபெரி ஏறி அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் உன் வீட்டுக்கு வந்தேன். உன் பிறந்தநாளுக்கு நான் கொடுத்த ஆங்கில அகராதி சாமி அலமாரியில் இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். உன் மகள் கவிதாவிடம், "அம்மா இதைத் திறக்கவே இல்லையா?" என்றேன்.

"அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது ஆன்ட்டி. தமிழும் வராது, மலாயும் வராது. எழுத்தெல்லாம் ஓடுதுன்னு சொல்லுவாங்க. ஸ்கூல்ல அடிச்சுப் பார்த்துட்டு விட்டுட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."



அறை எண்களைப் படிப்பாய். மற்ற எதைக் கொடுத்தாலும் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பாய். வாட்ஸ்அப்பில் குரல் மட்டும்தான் அனுப்புவாய். நான் நீளமாக எழுதினால் உடனே கூப்பிட்டு, "கை ஈரம், நீயே சொல்லுடி" என்பாய். எல்லாம் என் கண் முன்னால்தானே நடந்தது?

கவிதா இன்னொன்றும் சொன்னாள். பாத்திரம் கழுவும்போது அந்த வார்த்தைகளை நூறு தடவை சொல்லிப் பார்ப்பாயாம். அர்த்தத்தை அவளிடம் கேட்டுக்கொள்வாயாம்.

"ஏம்மா இவ்வளவு கஷ்டப்படுறேன்னு கேட்டேன் ஆன்ட்டி. சொல்ல சொல்ல இனிக்குதுன்னாங்க. அப்புறம், பெரிய வார்த்தை பேசுறவகிட்ட யாரும் பேப்பரைக் கொடுத்துப் படின்னு சொல்ல மாட்டாங்கன்னு சொன்னாங்க."

ஆனால் நான் கொடுத்தேன், ராஜேஸ். போன வருஷம் சூப்பர்வைசர் வேலைக்கு உன் பெயரை எழுதிக் கொடுத்தது நான்தான். எழுத்துப் பரீட்சையன்று காய்ச்சல் என்று நீ வரவில்லை. மறுநாள், எல்லார் முன்னாலும், "உனக்கு வெறும் வாய்தான், உள்ளே ஒண்ணுமில்லை" என்று கத்தினேன். நீ வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். மூன்று வாரம் பேசவில்லை. பிறகு நீயேதான் வந்தாய். "ஃபிளாபர்காஸ்டட்டுனு ஒண்ணு கிடைச்சுச்சுடி. அதிர்ச்சியில வாயடைச்சுப் போறதாம்." நான் சிரித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அப்போதாவது நீ உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் எப்படி நடந்துகொண்டிருப்பேன்? அதை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

அந்த வேலை மறுபடியும் காலியாகியிருக்கிறது. நேற்று மேனேஜரிடம் போய், எழுதாமல் வாயால் பதில் சொல்லும்படியும் பரீட்சை வையுங்கள், எழுத வராத நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றேன். யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். பிறகு, "இந்தத் தடவை அப்படியே செய்யலாம்" என்றார். உனக்குப் பிந்திவிட்டது.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிடலாமா என்று கவிதாவிடம் கேட்டேன். "போடுங்க ஆன்ட்டி. வெட்கப்பட வேண்டியது அம்மா இல்ல" என்றாள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில், உன் படத்தின் முன்னால் உட்கார்ந்து இதை வாய்விட்டு வாசிக்கப் போகிறேன். நான் உன்னிடம் கத்திய இடம் வரும்போது குரலைத் தாழ்த்த மாட்டேன். எல்லாரும் கேட்கட்டும். இது சத்தியம்.

உன் கூடப்பிறக்காதவள்,
ஷாமளா
ஆயர் ஈத்தாம், பினாங்கு