ராண்டாவின் கைக்கு ஒரு துப்பாக்கி

அன்பு மகள் ராண்டாவுக்கு, ஓக்லஹோமாவிலிருந்து அப்பா எழுதுவது. நான் சுகம், முழங்காலைக் கேட்டால் வேறு சொல்லும். நீயும் குழந்தை கேசியும் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஆறாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

உடம்போடு மறைத்து வைத்துக்கொள்ளச் சின்னத் துப்பாக்கி எது நல்லது என்று உன் வக்கீலம்மா மூலமாகக் கேட்டிருந்தாயே, அதற்காகச் செவ்வாய்க்கிழமை வில்மாவின் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். ஒன்றை இடுப்பில் செருகிப் பார்த்தேன், நான் பெல்ட் எங்கே போடுகிறேன், கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்கிற தோள்வார்தானே, அது நேரே கால்சட்டைக்குள் இறங்கி முட்டியில் நின்றது. வில்மா, "யோவ் ஆர்வில், திருடன் வந்தா கொஞ்சம் இருப்பா, பேன்ட்டக் கழட்டிட்டு வரேன்னு சொல்லுவியா" என்றாள். கடையே சிரித்தது, நானும்தான்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்று பார்க்க அழகாக இருந்தது, அதையே எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றாள். சின்னதும் லேசானதும்தான் சுடும்போது கையை அதிகம் உதறுமாம், பிறகு பழகவே மனசு வராதாம். குண்டு ஏற்ற மேல்பாகத்தைப் பின்னால் இழுக்கவும் விரலில் பலம் வேண்டுமாம். கைப்பையில் போட்டால் குழந்தையின் கையும் அங்கேதான் போகும் என்றாள். அப்புறம், "ஒம் மக கை எம்மாம் பெருசு?" என்று கேட்டாள். என் கையில் பாதி இருக்கும் என்று காட்டினேன். "அது அவளுக்கு ஏழு வயசுலய்யா. இப்ப?" என்றாள். எனக்குத் தெரியவில்லை மகளே.

உன் புருஷன் டர்ரலின் கை எவ்வளவு என்று தெரியும். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் என் ரிவால்வரை அவன் கையில் வைத்துப் பார்த்துப் பார்த்து மரப்பிடியைச் சீவிக் கொடுத்தவன் நான். இங்கே மாமனார்கள் செய்கிறதுதான். இதை வைத்து என் பெண்ணைப் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

ஏப்ரலில் நீ ஃபோனில், "டர்ரல் என் பக்கமே வரக்கூடாது, துப்பாக்கிய ஒப்படைக்கணும்னு கோர்ட்டுல உத்தரவு போட்டாங்க, அவன் தங்கிட்ட துப்பாக்கியே இல்லன்னு ஜட்ஜுகிட்ட சொல்லிட்டாம்ப்பா, நீங்க குடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று அழுதாய். புருஷன் பெண்டாட்டி சண்டையில் என்னை இழுக்காதே என்று வைத்துவிட்டேன். அவன் என்னோடு மான் வேட்டைக்கு வருகிறவன், என் கிண்டலுக்குச் சிரிக்கிறவன். அதற்காகத்தான். வேறு பெரிய காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அன்றைக்கு நான் எதுவும் வாங்கவில்லை. அந்த ரிவால்வரும் வில்மாவிடம் வாங்கியதுதான், அவளுடைய பழைய நோட்டில் அதன் எண் இருந்தது. இந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போய், அதை அவனுக்கு நான்தான் கொடுத்தேன், போன நவம்பரிலும் அவன் கையில் பார்த்தேன் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். காகிதம் இதோடு இருக்கிறது, கடிதம் வக்கீலம்மா வழியாகத்தானே உனக்கு வருகிறது, அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும். முதலில் அந்த ரிவால்வரைக் கோர்ட்டு அவனிடமிருந்து பிடுங்கட்டும். நீதிபதி கூப்பிட்டால் பஸ் ஏறி வந்து அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுவேன். உனக்கானதை அங்கேயே கடைக்குப் போய் உன் கையால் பிடித்துப் பார், சுடக் கற்றுக்கொள், பூட்டி வை.

கர்த்தர் உன் வாசலில் காவல் இருக்கட்டும். கேசிக்கு என் முத்தம். ஒன்று மறக்காதே. டர்ரல் இன்னும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காருகிறான், "மாமா, ராண்டா எந்த ஊர்ல இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறான். எனக்கு வயசாகிவிட்டது, பேச்சுவாக்கில் உளறிவிடுவேன். நான் எவ்வளவு கெஞ்சினாலும் உன் விலாசத்தை என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா ஆர்வில்