வடகரையின் ஒரே தபால் ஓட்டு

அன்பு மகள் லோர்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். குவாம் தீவில் நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை மனம் வரவில்லை, ஆனாலும் பெற்ற வயிறு கேட்கிறது.

நம் டார்வில் மாவட்டம் இனி இல்லை. கிழக்கு மாவட்டத்தோடு சேர்க்கலாமா என்று நடந்த ஓட்டெடுப்பில் பதினொரு ஓட்டில் தோற்றோம். நானூறு பேரும் நாற்பதாயிரம் மாடும் இருக்கிற மணல்மேட்டுக்கு எதற்குத் தனிக் கோர்ட்டு, தனிப் போலீஸ் ஷெரீப் என்கிறார்கள். பனி மூடினால் அறுபது மைல் தாண்டியா ஷெரீப் வருவார்? அந்தக் காலத்தில் தெற்கூர்க்காரர்கள் கோர்ட்டைத் தங்கள் ஊருக்கு மாற்ற அதன் பத்திரங்களைக் கடத்திப் போனபோது உன் கொள்ளுத்தாத்தா வண்டி கட்டிப் போய் மீட்டு வந்ததால்தான் கோர்ட்டே நம் ஆற்றங்கரையில் நின்றது. இதைச் சொல்லிச் சொல்லித்தானே உன்னை வளர்த்தேன்.

ஆற்றுக்கு நம் பக்கமான வடகரைச் சாவடியில் விழுந்தது பதினேழு ஓட்டு. பதினாறு சேர வேண்டாம், ஒன்று சேர வேண்டும். அந்த ஒன்றைப் போட்டது பக்கத்துப் பண்ணைக்காரர் ஓர்வில்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அவர் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் முப்பது வருஷமாக இறைச்சியும் பீன்ஸும் சமைத்துக் கொண்டுபோகிறவள் இந்த வருஷம் போகவில்லை, அப்பாவையும் விடவில்லை. கயிறு பிடிக்க ஆளில்லாமல் அந்த மனுஷன் இரண்டு நாள் தனியாகத் திண்டாடினார். சர்ச் வாசலில் துரோகி என்று முகத்துக்கு நேரே சொன்னேன், தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு உள்ளே போனார். நேற்றுத்தான் கோர்ட்டுச் சுவரில் ஒட்டிய முழு விவரத்தைப் பார்த்தேன். வடகரையில் நேரில் போட்டது பதினாறு, எல்லாம் வேண்டாம். தபாலில் வந்தது ஒன்று, வேண்டும். வடகரையில் தபால் ஓட்டு உனக்கு மட்டும்தானேடி. கடற்படையில் இருந்தாலும் ஊரில் ஓட்டு உண்டு என்று எழுதிப்போட்டு வாங்கிக் கொடுத்தவளும் நான்தான்.

நேரே ஓர்வில் வீட்டுக்குப் போனேன். அந்தத் தாளை ஒட்டிய அன்றே அவர் பார்த்துவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னைத் திட்டினா ரெண்டு மாசத்துல ஆறிடும் வெர்னா, பொண்ணைத் திட்டினா ஆறாது" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

உன் ஒரு ஓட்டால் தோற்கவில்லை, எனக்குக் கணக்குத் தெரியும். சேர்வதுதான் நல்லது என்று நீ நினைத்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம், நான்கு நாள் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். போனில் "ஜெயித்துவிடுவோம் அம்மா" என்று சிரித்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னைக் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. அப்பா இன்னும் ஓர்விலோடு பேசுவதில்லை, அந்த ஒரு ஓட்டு யாருடையது என்று அவரிடம் நான் சொல்லவும் இல்லை. நீயே எழுதிச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா வெர்னா