பெட்டியின் அடியில் இருந்த இலக்கம்

ஒக்டோபர் 13, திங்கள்

காலையிலிருந்து மப்பு. மழை இல்லை. வாவிப் பக்கக் காற்றில் முன் அறை ஜன்னல் இரண்டு தரம் அடித்துக்கொண்டது. கொளுக்கி வாங்க வேண்டும்.

புதிய இணைய இணைப்பு இன்று. பழைய கொம்பனியை (இனி ப.கொ.) விட்டுப் புதிய கொம்பனிக்கு (பு.கொ.) மாறும் முடிவு என்னுடையது. ப.கொ.வின் இணைப்பு மழைக்கு விழும். காற்றுக்கு விழும். போன மாதம் வானம் வெளித்துக் கிடந்தபோதும் விழுந்தது. என் மனைவி சுகந்தி (சு.) வேண்டாம் என்றாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு வைவா. அது முடியட்டும். மறுகா நீங்க எந்தக் கம்பியையாவது இழுங்க."

மழை வெள்ளிவரை பொறுக்காது என்றேன். அவள் கணித ஆசிரியை. நிகழ்தகவு பற்றி ஏதோ சொன்னாள்.

வைவா என்பது அவளது முதுதத்துவமாணி (எம்.ஃபில்) ஆய்வுக்கான வாய்மொழிப் பரீட்சை. ஐந்து வருட உழைப்பு. வெள்ளி காலை பத்தரை, சூமில். பல்கலைக்கழகத்தின் கடிதம் தெளிவாகச் சொல்கிறது: இணைப்பு கால் மணித்தியாலத்துக்கு மேல் அறுந்தால் பரீட்சை அடுத்த சுற்றுக்குப் போகும். அடுத்த சுற்று எப்போது என்று கடிதம் சொல்லவில்லை. அவளது கல்வி விடுமுறை டிசம்பரோடு சரி. கைபேசியை நம்ப முடியாது. இந்த வீட்டுச் சுவர்களுக்குள் அது ஒரு கோடு காட்டும், கிணற்றடியில் மூன்று. கிணற்றடியில் வைவா நடத்த முடியாது.

8.10க்குப் பு.கொ. ஆள் வந்தார். அன்வர், காத்தான்குடி. நாற்பத்தைந்து இருக்கும். கட்டாரில் பத்து வருடம் கம்பி இழுத்தவராம். சு. அப்போது கடைக்குப் போயிருந்தாள். கம்பியைச் சுவர் துளைத்து உள்ளே எடுத்தார், ஒரு துகள் சீமெந்து தரையில் விழாமல். இவ்வளவு சுத்தமாக வேலை செய்பவரை நான் கொஞ்சம் கவனித்தே பார்ப்பேன்.

பு.கொ.வின் புது ரௌட்டர் பெட்டி உறை பிரிக்காமல் மேசையில் இருந்தது. "பெட்டிய உடைக்கட்டா சேர்?"

ஒன்பது மணிவரை திறக்க வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. அவருக்குச் சொன்னேன். இங்கே எழுதவில்லை; இந்தக் கொப்பி கிடக்கும் மேசை லாச்சிக்குப் பூட்டில்லை.

அவர் வவுணதீவுக்குப் போக வேண்டுமாம். தன் பையிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்துக் கம்பியில் பூட்டினார். எல்லா விளக்கும் பச்சை. "லைன் நல்லா இரிக்கி. ஒம்பதுக்குப் பிறகு உங்கட பெட்டிய நீங்களே மாட்டுங்க. அடியில ஒரு நம்பர் இரிக்கி. அத படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்புல போடுங்க. மறந்துராதீங்க சேர்." துண்டில் தன் இலக்கத்தை எழுதித் தந்துவிட்டுத் தன் பெட்டியோடு போனார்.

9.05க்கு மாட்டினேன். மூன்று பச்சை, ஒரு சிவப்பு.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். நீளமான இலக்கம். அதே ஒட்டுத்தாளில், அதற்குக் கீழே, கடவுச்சொல். ஆக, படத்தில் அவருக்கு என்ன வேண்டும் என்பது விளங்கியது. முன்பின் தெரியாதவருக்கு வீட்டுப் பூட்டின் திறப்பைப் படமெடுத்து அனுப்பும் வயதை நான் கடந்துவிட்டேன். அனுப்பவில்லை.

பகல் முழுக்கச் சிவப்பு. நிறுத்திப் போட்டது: நாலு தரம். சு. ஒவ்வொரு தரமும் விளக்கைப் பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.


ஒக்டோபர் 14, செவ்வாய்

விடியப்புறம் மழை. சிவப்பு.

செய்தவை: கம்பியைக் கழற்றிப் பூட்டியது. முப்பது விநாடி எண்ணி மறுபடி போட்டது. பின்பக்கத் துளைக்குள் ஊசி விட்டுப் பத்து விநாடி அமத்தியது. பெட்டியை ஜன்னலடிக்கு நகர்த்தியது. திரும்பக் கொண்டுவந்தது.

சந்தேகத்துக்கு இடமானோர்:

ப.கொ. காலை 10.20க்குப் பெண் குரலில் அழைப்பு. "சேர், எங்கட சேவைய ஏன் நிப்பாட்டினீங்க எண்டு தெரிஞ்சுக்கலாமா?" இரண்டு மாதம் நான் அழைத்தபோது எடுக்காதவர்கள். எனக்கு இணையம் இல்லாத முதல் காலையிலேயே எப்படி ஞாபகம் வந்தது? தெருக்கம்பத்தில் இரண்டு கொம்பனியின் கம்பியும் ஒரே முடிச்சில் தொங்குகின்றன.

அணில். மதிலில் ஒன்று. என்னைக் கண்டதும் ஓடியது. குற்றமில்லாதது ஏன் ஓட வேண்டும்?

கிளமண்ட் அண்ணன். பக்கத்து வீடு. பறங்கியர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மா மரத்தின் கொப்பு எங்கள் மதிலுக்கு மேலால் வரும். அதே வழியில்தான் புதுக் கம்பியும் வருகிறது. நேற்று அந்தக் கொப்பு இருந்தது. இன்று இல்லை. மதிலருகே போய்ச் சும்மா நிற்பதுபோல் நின்றேன்.

"கொப்பு வெட்டினீங்களா அண்ணன்?"

"ஓம். உங்கட கம்பியில முட்டும் எண்டுதான் வெட்டின நான்."

"கத்தி கம்பியில படல்லயே?"

கத்தியைக் கீழே வைத்தார். "தம்பி, நாப்பது வருஷம் பஸ்ஸுக்கு அடியில படுத்து வேலை செய்தவன் நான். மாங்கொப்பு எது, கம்பி எது எண்டு எனக்குத் தெரியாதா? நீங்க மேல பார்த்துச் சொல்லுங்க, எது தொங்குது?"

மேலே பார்த்தேன். கம்பி தொங்கவில்லை. அது அவர் பக்கம் சாய்ந்த சாட்சியம், மனத்தில் குறித்துக்கொண்டேன். போகும்போது அவர் மனைவியிடம் சொன்னது கேட்டது: "இந்தாள் பேப்பருக்கு எழுதி எழுதி எல்லாரையும் கள்ளனாப் பார்க்குது."

தெரியாத இலக்கத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். தெரியாத இலக்கங்களை நான் எடுப்பதில்லை. போன கிழமை ஒருத்தி எனக்குப் பரிசுக் கார் விழுந்திருப்பதாகச் சொன்னாள்.


ஒக்டோபர் 15, புதன்

மழை, விட்டு விட்டு. சிவப்பு, விடாமல்.

பு.கொ.வின் உதவி இலக்கம். இருபத்தாறு நிமிடம் சங்கீதம். பிறகு ஒரு பெண், மரியாதையானவள். பெட்டியின் அடியில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொன்னாள். கடவுச்சொல்லைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். தொலைபேசியில் அவள் பார்க்க மாட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது.

"சேர், இந்த இலக்கம் உங்கட கணக்கில இல்ல. வேற ஒரு பெட்டிதான் பதிவாகியிருக்கு."

"வேற பெட்டி எண்டா?"

"எங்களுக்குத் தெரியிறது அவ்வளவுதான் சேர். இங்க இருந்து மாத்த ஏலாது. வந்த டெக்னீஷியன்தான் மாத்தணும்."

எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குரிய பெட்டி அவர் பையில். யாரோ கழித்த பெட்டி என் வீட்டில். திங்கள் காலை என் கண் முன்னால் இரண்டு பெட்டி இருந்தன. ஒன்று வெளியே போனது. நான் கதவைத் திறந்துவிட்டேன், நன்றியும் சொன்னேன்.

பெட்டி மாற்றப்பட்டதாக முறைப்பாடு செய்தேன். டெக்னீஷியனின் பெயர் கேட்டாள். சொன்னேன். சொல்லும்போது தயக்கமே வரவில்லை. காத்தான்குடி அன்வருக்குப் பதில் வவுணதீவிலிருந்து ஒரு யோகராசா வந்து இதே வேலையைச் செய்துவிட்டுப் போயிருந்தால் கொஞ்சம் தயங்கியிருப்பேனா என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அணிலைக்கூட நான் விடவில்லை என்பது என் பக்க நியாயம்.

பின்னேரம் சு. மடிக்கணினியோடு கிளமண்ட் அண்ணன் வீட்டுக்குப் போனாள், வெள்ளிக்கிழமை அங்கேயே வைவாவைச் செய்ய முடியுமா என்று பார்க்க. அவர்களுடையது ப.கொ. இணைப்பு. சிநேகிதியோடு சூமில் பேசிப் பார்த்தாளாம். நாலாவது நிமிடம் மழை பெலத்தது. ஐந்தாவது நிமிடம் இணைப்பு இல்லை.

நனைந்து வந்தாள். துவாய் கொடுத்தேன்.

"மாத்தவேணாம் எண்டு சொன்ன நான்," என்றாள். அவ்வளவுதான். அறைக்குள் போய்த் தன் ஆய்வின் மூன்றாம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தாள். சுவருக்கு வாசிப்பதுபோல் இருந்தது.


ஒக்டோபர் 16, வியாழன்

மழை இல்லை. சேற்று மணம்.

9.40. வாசல் படலையில் அன்வர். கொம்பனிச் சேட் இல்லை, சாதாரணச் சேட். பையும் இல்லை.

"சேர், நான் பெட்டி களவெடுத்த எண்டு சொன்னீங்களாம்."

அப்படி இல்லை, பெட்டி மாறியிருப்பதாகத்தான் சொன்னேன் என்றேன்.

"என்ட பையை ஒஃபீஸ் மேசையில கொட்டி எண்ணினாங்க சேர். எட்டுப் பேருக்கு முன்னால. விசாரிக்கும்வரைக்கும் வேலைக்கு வரவேணாமாம்."

சு. உள்ளிருந்து வந்தாள். இருக்கச் சொன்னாள். தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவர் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை. கைபேசியை எடுத்து அவளிடம் நீட்டினார், என்னிடம் அல்ல. எனக்கு அனுப்பிய, வீட்டில் இணையம் இல்லாததால் என் கைபேசிக்கு வந்து சேராத செய்திகள்: 'சேர் நம்பர் போடுங்க.' 'சேர் படம் வரல்ல.' 'நம்பர் வந்தாத்தான் லைன் உங்கட பெட்டிக்கு மாறும்.' பிறகு மூன்று அழைப்பு. எல்லாம் செவ்வாய்.

"கம்பிக்கு ஒரு பெட்டியத்தான் தெரியும் மிஸ். நான் டெஸ்ட்டுக்குப் போட்ட பெட்டிதான் பதிவாகியிரிக்கி. சேர் நம்பர் அனுப்பினா ஒரு நிமிஷத்தில மாத்தியிருப்பன்."

சு. என்னைப் பார்த்தாள். கடவுச்சொல் அதே ஒட்டுத்தாளில் இருந்த விபரத்தைச் சொன்னேன். சரி, அதை விடுவோம் என்பதுபோல் அவரிடம் திரும்பினாள்.

"அண்டைக்கே எங்கட பெட்டிய மாட்டியிருந்தா இந்தப் பிரச்சினையே இல்லதானே? ஏன் மாட்டல்ல?"

அன்வர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று பொறுத்தார், நல்ல மனிதர். நான் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஒம்பது மணிவரைக்கும் ராகு காலமாம். மிஸ்ஸுக்கு அந்த நேரத்தில புதுச் சாமான் திறந்தா பிடிக்காதாம். சேர்தான் சொன்னாரு."

"எனக்கா?"

"ஓம். மிஸ் கடுமையான ஆளாம் இந்த விஷயத்தில."

சு.வுக்கு ராகு காலம் எத்தனை மணி என்றே தெரியாது. கலண்டரைக் கிழிப்பதுகூட நான்தான். ராகு காலம் பார்க்கும் ஆட்களை நையாண்டி செய்து பத்து வருடமாகச் சஞ்சிகையில் எழுதி வருபவனும் நான்தான்.

வைவா வெள்ளிக்கிழமை பத்தரைக்கு. வெள்ளிக்கிழமை பத்தரைக்குத்தான் ராகு காலம் தொடங்குகிறது. அதை மாற்றும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுத முடியாது. பெட்டியையாவது நல்ல நேரத்தில் தொடங்கலாம் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான். அவளிடம் அப்படிச் சொன்னபோது அது வேறு மாதிரிக் கேட்டது.

அவள் சிரிக்கவில்லை. "முதல்ல இவருக்கு வேலையக் குடுங்க. மறுகா என்னோட கதையுங்க."

முறைப்பாட்டை மீளப் பெற பத்தொன்பது நிமிடம் சங்கீதம். காரணம் கேட்டார்கள். பிழை என்னுடையது என்றேன். விபரமாகச் சொல்லச் சொன்னார்கள். அன்வரும் சு.வும் கேட்டுக்கொண்டிருக்க, ராகு காலம், ஒட்டுத்தாள், அனுப்பாத படம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மறுமுனைப் பெண் தட்டச்சுச் செய்யும் சத்தம் கேட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, "ராகு காலம் எண்டே போடட்டா சேர்?" என்றாள். போடச் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் அவருக்கு மேலதிகாரியின் அழைப்பு. நாளை வேலைக்கு வரலாமாம். அந்த அழைப்பிலேயே பெட்டியைக் கவிழ்த்து இலக்கத்தை வாசித்தார். நாலாவது விளக்கு பச்சை.

ஆறிய தேத்தண்ணியை அப்போதுதான் குடித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க சொன்னதில ஆத்திரம் இல்ல சேர். கேட்டிருக்கலாம். நம்பர் தந்திட்டுத்தானே போன நான்."

அந்தத் துண்டைத் தேடி எடுத்து, இலக்கத்தை அவர் பெயரில் கைபேசியில் பதிந்தேன்.

படலையில் சு.விடம்: "நாளைக்கு ஜும்ஆவுக்கு முதல் என்ன பிரச்சினை எண்டாலும் கோல் எடுங்க மிஸ். சேரை எடுக்கவிடாதீங்க."


ஒக்டோபர் 17, வெள்ளி

தூறல். நாலும் பச்சை.

பத்தரைக்குத் தொடங்கியது. அவள் அறைக்குள். நான் மண்டபத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு. கணினிக்குக் கம்பி போவதால் கதவு இரண்டு விரல் அளவு திறந்தபடி. பரீட்சகர்கள் மூவர்: இரண்டு ஆண் குரல், ஒரு பெண் குரல்.

பழுகாமப் பக்கத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். பரப்பளவுச் சூத்திரம் பாடப்புத்தகத்தில் வரமுன்பே, ஒரு வயல் வட்டையைப் பார்த்து எவ்வளவு உழுதாயிற்று, எவ்வளவு மிச்சம் என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்த அறிவிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். ஐந்து வருடமாக இந்த வீட்டில் கேட்ட கதை. இன்றுதான் முழுதாகக் கேட்டேன்.

11.05. பெண் குரல்: "நீங்கள் கேட்ட பிள்ளைகளில் வயலுக்கே போகாத பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களும் அதேபோல் சொல்லியிருந்தால் உங்கள் முடிவு என்னாகும்?"

பிறகு சத்தம் இல்லை.

பெட்டியைப் பார்த்தேன். நாலும் பச்சை. கம்பியைத் தொட்டேன், இறுக்கமாக இருந்தது. சத்தம் நின்றது இணைப்பில் அல்ல. அவளிடம்.

சுவரில் சுவிச். அரை அங்குலம் கீழே தட்டினால் பெட்டி நிற்கும். திரும்ப எழும்ப மூன்று நிமிடம். மூன்று நிமிடத்தில் அவள் யோசித்து முடித்துவிடுவாள். மட்டக்களப்பு, மழை, இணைப்பு. கொழும்பிலிருக்கும் பரீட்சகர்கள் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எழுந்துபோய் விரலை வைத்தேன்.

"வயலுக்குப் போகாத பிள்ளைகளை நான் தனியாகக் கேட்கவில்லை, மேடம்," என்றது அவள் குரல். "கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்பதென்றால் எப்படிக் கேட்பேன் என்று சொல்கிறேன்."

சொன்னாள். நிதானமாக, ஏழெட்டு நிமிடம். விரலை எடுத்துவிட்டேன்.

11.50க்கு முடிந்தது. திருத்தங்களோடு சித்தியடைந்தாள். மூன்று மாதம் அவகாசம்.

வெளியே வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் முழுதாகக் குடித்தாள். வாழ்த்துச் சொன்னேன். தலையாட்டினாள்.

"அந்தக் கேள்விக்கு நான் யோசிக்கக்குள்ள சுவிச்சில கைய வச்சுக்கொண்டு நிண்டீங்க. கதவு நீக்கலால தெரிஞ்சது."

தூசி துடைத்தேன் என்றேன்.

கிளாஸை மேசையில் வைத்தாள். சுவிச்சின் மேல்விளிம்பில் விரலை இழுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனி கறுப்பு.